கோழி முற்றத்தில் வாத்தும் கூஸும்: ஆறு மாதக் குறிப்பு

சேரன்மகாதேவியில், கன்னடியன் கால்வாயிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு. புறவாசலில் ஏழு சென்ட் இடம். அதில் பதினொரு நாட்டுக்கோழி, ஒரு சேவல், கன்னி இனத்து ஆடு இரண்டு, கருப்பன் என்று ஒரு நாட்டு நாய், யாருடையது என்று சொல்ல முடியாதபடி மூன்று வீட்டுக்கும் பொதுவான ஒரு பூனை. இவ்வளவும் பல வருடமாக ஒன்றாகவே இருக்கின்றன, பெரிய தொல்லை இல்லை. போன புரட்டாசியில் இந்தக் கூட்டத்துக்குள் வாத்தையும் கூஸையும் (பெருவாத்து) கொண்டுவந்தேன். கோழிக்குஞ்சு வளர்த்த பழக்கம் போதும் என்று நினைத்துத்தான் இறங்கினேன். போதவில்லை. என்னென்ன செய்தேன், எது பிசகியது, அதை எப்படிச் சரிசெய்தேன் என்பதை நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருந்தேன், அதிலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

முட்டை கிடைத்தது ஒரு வாத்துக்காரரிடம். கார் நெல் அறுப்பு முடிந்த வயல்களில் வாத்துக் கூட்டத்தை மேய்த்துக்கொண்டு வருவார்கள் இல்லையா, சிந்திய நெல்லையும் நத்தையையும் தின்ன விட்டு, இரவில் வரப்போரம் வலை கட்டி அடைத்து, விடிந்ததும் முட்டை பொறுக்குவார்கள். அப்படி வந்தவரிடம் பன்னிரண்டு முட்டை கேட்டேன். ஆண் வாத்து சேர்ந்து மேய்கிற கூட்டமாகப் பார்த்து எடுத்துத் தந்தார். “யக்கா, கழுவாம வைங்க. அழுக்கு இருந்தா துணியால தொடச்சா போதும்” என்றார். அது நல்ல யோசனை, முட்டை ஓட்டின் மேல் இருக்கும் மெல்லிய படலம் கழுவினால் போய்விடும், அப்புறம் கிருமி உள்ளே நுழைவது எளிது. கீறல் விழுந்ததும் ரொம்ப உருண்டையாக இருந்ததும் கழித்து ஒன்பதை அடைக்கு வைத்தேன். நாட்டுக்கோழி ஒன்றுக்கு வாத்து முட்டை ஒன்பதுக்கு மேல் வைத்தால் இறக்கைக்குள் அடங்காது.

கோழிக்கு 21 நாள், வாத்துக்கு 28 நாள் (மணிலா வாத்து என்றால் 35). இந்த ஏழு நாள் வித்தியாசம்தான் கோழியை வைத்து வாத்து பொரிக்க வைப்பதில் உள்ள சங்கடம். இருபத்தோராம் நாள் காலையில் எங்கள் அத்தை வந்து, “ஏட்டி, கோழிக்கு நாள் ஆயிட்டு, எந்திரிச்சிரும். தீவனத்தைப் பக்கத்துலயே வையி” என்றார்கள். அன்றிலிருந்து கம்பையும் தண்ணீரையும் அடைக்கூடைக்கு ஒரு முழத் தூரத்தில் வைத்தேன். அது ஒருநாளைக்கு ஒரு தடவை இறங்கி, தின்று, எச்சமிட்டு, கால்மணி நேரத்தில் திரும்பிவிடும். கூடையின் அடியில் சாம்பலும் வேப்பிலையும் போட்டிருந்தேன், கோழிப்பேன் ஏறினால் எவ்வளவு பொறுமையான கோழியும் அடையை விட்டு ஓடிவிடும்.

ஏழாம் நாள் இரவு கைபேசி வெளிச்சத்தில் முட்டையைப் பார்த்தேன். ஏழில் சிலந்திக்கால் மாதிரி ரத்த நரம்பு ஓடியிருந்தது, இரண்டு வெறுமை. அந்த இரண்டை எடுத்துவிட்டேன். பத்தாம் நாளுக்கு மேல் கோழி இறங்கும் நேரம் பார்த்து, வெதுவெதுப்பான தண்ணீரைக் கையில் நனைத்து முட்டை மேல் தெளித்து வந்தேன். தாய் வாத்து குளித்துவிட்டு ஈர வயிற்றோடு வந்து உட்காரும், கோழிக்கு அந்த வழக்கம் கிடையாது. ஈரம் குறைந்தால் உள்படலம் காய்ந்து குஞ்சோடு ஒட்டிக்கொள்ளும், குஞ்சு ஓட்டை உடைத்தும் வெளியே வர முடியாமல் செத்துப்போகும்.

ஐப்பசி பிறந்து எட்டாம் நாள் முதல் ஓடு கீறியது. அதிலிருந்து முழுக்க வெளியே வர முப்பது மணி நேரம் ஆனது. உடைத்து உதவலாமா என்று கை பரபரத்தது, உதவவில்லை. உள்ளே மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளவும், படலத்தின் ரத்தம் அடங்கவும் அந்த நேரம் வேண்டும். ஏழில் ஐந்து பொரித்தன. ஒன்று கூமுட்டை, தூக்கும்போதே நாறியது. இன்னொன்று ஓட்டுக்குள்ளேயே முழு வளர்ச்சியோடு செத்திருந்தது. அதைப் பார்த்து அன்று முழுக்க மனது சரியில்லை.

கூஸ் குஞ்சு மூன்றும் அதே வாரம் வாங்கியவை, பிறந்து நான்கு நாள். புத்தகத்தில் பெருவாத்து என்று எழுதுவார்கள், எங்கள் பக்கம் கூஸ் வாத்து என்றால்தான் தெரியும். அலகுக்கு மேல் குமிழ் வைத்த சீன வகை, வளர்ந்த பிறகு பால் வெள்ளை. குஞ்சில் மஞ்சள் பஞ்சு. இரவில் கோழியின் வயிற்றுக்கடியில் நைசாகச் செருகிப் பார்த்தேன். கோழி சும்மா இருந்தது. கூஸ் குஞ்சுகள்தான் கத்தித் தீர்த்தன, நான்கு நாள் ஆகிவிட்டதால் அவை கோழியைத் தாயாக ஏற்கவில்லை. சரி என்று அவற்றுக்கு மட்டும் தனிப் பெட்டி ஏற்பாடு செய்தேன்.

மரப்பெட்டி, நாலடிக்கு இரண்டரை அடி. மேலே அரை அங்குலக் கண்ணுள்ள வெல்ட் மெஷ் கம்பிவலை மூடி. ஒரு மூலையில் 60 வாட் குண்டு பல்பு, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், கம்பியில் கட்டி. பல்பு கயிற்றில் மட்டும் தொங்கினால் அறுந்து வைக்கோலில் விழுந்து தீப்பிடிக்கும், அதனால் கம்பி. முதல் வாரம் குஞ்சு படுக்கும் இடத்தில் 32 டிகிரி, அப்புறம் வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைக்க வேண்டும். நம் ஊரில் பகலில் அதற்கு மெனக்கெட வேண்டியதே இல்லை, ராத்திரிக்கும் மழை நாளுக்கும்தான் பல்பு. வெப்பமானியைவிட குஞ்சுகளே நன்றாகச் சொல்லும்: பல்புக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் குளிர், ஓரத்தில் ஒதுங்கி வாயைத் திறந்தால் சூடு, பரவலாகக் கால் நீட்டித் தூங்கினால் சரி. மின்சாரம் போன இரண்டு இரவும் கண்ணாடி பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, பழைய துண்டைச் சுற்றி நடுவில் படுக்க வைத்தேன். மூன்றும் அதை அணைத்துக்கொண்டு தூங்கின.

முதல் பிசகு அந்தப் பெட்டியில்தான். அடியில் செய்தித்தாள் விரித்திருந்தேன். கோழிக்குஞ்சுக்கு எப்போதும் அதைத்தான் போடுவேன். கூஸ் குஞ்சு கனமானது, ஈரமாகவே கழியும், ஈரத் தாளில் கால் வழுக்கும். இரண்டே நாளில் ஒரு குஞ்சுக்கு இரண்டு காலும் பக்கவாட்டில் விரிந்து, தவளை மாதிரி வயிற்றால் நீந்த ஆரம்பித்தது. தாளை உருவிவிட்டு சாக்கு விரித்தேன். மெல்லிய துணிப் பட்டையை எட்டு மாதிரி சுற்றி, இரண்டு காலுக்கும் நடுவே இரண்டு விரல் அகலம் இருக்கும்படி கட்டிவிட்டேன். முதல் நாள் குப்புற விழுந்துகொண்டே இருந்தது, தண்ணீரில் தலை கவிழாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நான்காம் நாள் கட்டை அவிழ்த்தபோது நேராக நின்றது. இந்த வயதில் எலும்பு இளசு, அதனால் சீக்கிரம் திரும்பும், பத்து நாள் கழித்துப் பார்த்திருந்தால் திரும்பியிருக்காது.

வாத்துக் குஞ்சு ஐந்தும் கோழியிடம் இருந்தன. நன்றாகத்தான் போனது. கோழி சீய்த்துக் காட்டும், இவை சீய்த்த இடத்தை விட்டு ஈரமான இடத்துக்கு ஓடும். கோழி “டுக் டுக்” என்று கூப்பிட்டால் கோழிக்குஞ்சு விழுந்தடித்து வரும், வாத்துக்குஞ்சு யோசித்து வரும். இவை பிறந்து பதினோராம் நாள் பிற்பகல் நல்ல மழை. கோழி கொட்டில் கூரைக்குள் ஏறி நின்று தொண்டை கிழியக் கூப்பிட்டிருக்கிறது. குஞ்சுகள் ஐந்தும் வாசலில் தேங்கிய தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தன. நான் கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது ஐந்தும் பஞ்சு முழுக்க ஊறி, சுருண்டு, நடுங்கிக்கொண்டு கிடந்தன. ஒன்று என் கையிலேயே போய்விட்டது. மற்ற நான்கையும் துண்டால் ஒற்றி, சேலைத் தலைப்புக்குள் வைத்து, அப்புறம் கூஸ் பெட்டியில் பல்புக்கடியில் விட்டேன்.

வாத்துக்கு எதற்கு நனைந்தால் குளிரும் என்று பலரும் கேட்கிறார்கள், நானும் அப்படி நினைத்தவள்தான். வாலடியில் இருக்கும் சுரப்பியின் எண்ணெயை அலகால் எடுத்து இறகில் தடவித்தான் வாத்து தண்ணீர் ஒட்டாமல் இருக்கிறது. குஞ்சுக்கு இருப்பது பஞ்சு, எண்ணெயும் கொஞ்சம். தாய் வாத்துக்கடியில் இருந்தால் தாயின் இறகெண்ணெய் ஒட்டும். கோழிக்கடியில் வளரும் குஞ்சுக்கு அது கிடையாது. அதனால் கோழி பொரித்த வாத்துக்குஞ்சை மழையில் விடவே கூடாது, இறகு முளைக்கும்வரை, அதாவது ஆறேழு வாரம். குளிக்க விடலாம், வெயில் நேரத்தில், அகலத் தாம்பாளத்தில், ஐந்து நிமிடம், நாம் கூடவே நின்று, ஏறி வர ஓட்டுத் துண்டைச் சாய்த்து வைத்து. அப்புறம் உடனே காயவிட வேண்டும். இதை அந்த ஒரு குஞ்சைப் பறிகொடுத்துத் தெரிந்துகொண்டேன், இன்றைக்கும் மேகம் கூடினால் முதலில் புறவாசலுக்குத்தான் ஓடுகிறேன்.

தாய்க்கோழி இரண்டு நாள் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தது. மூன்றாம் நாள் போய்விட்டது.

இப்போது தீவனம். கடையில் கிடைத்த கோழிக்குஞ்சுத் தீவனத்தையே எல்லாவற்றுக்கும் போட்டேன், வாத்துக்கென்று தனியாக இங்கே கிடைப்பதில்லை. மூன்றாம் வாரம் ஒரு வாத்துக்குஞ்சு நொண்டியது. மறுநாள் முழங்காலை ஊன்றி உட்கார்ந்துகொண்டே நகர்ந்தது, கணுக்கால் மூட்டு வீங்கி, கால் வில்லாக வளைந்திருந்தது. அடிபட்டிருக்கும் என்று மஞ்சள் பற்றுப் போட்டேன். இரண்டாவதற்கும் அதே மாதிரி ஆரம்பித்ததும் கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிப் போனேன். மருத்துவர் காலைத் தொட்டுப் பார்க்காமலே “கோழித் தீவனமாம்மா போடுறீங்க?” என்று கேட்டார்.

நியாசின் என்கிற பி3 உயிர்ச்சத்துக் குறை. கோழிக்குஞ்சுக்குக் கிலோ தீவனத்தில் 27 முதல் 35 மில்லிகிராம் போதும். வாத்துக்குஞ்சுக்கு 55 வேண்டும். கோழி, புரதத்தில் இருக்கும் டிரிப்டோஃபேனிலிருந்து கொஞ்சம் நியாசினைத் தானே செய்துகொள்ளும், வாத்துக்கு அந்தத் திறன் குறைவு. தவிட்டிலும் மக்காச்சோளத்திலும் நியாசின் உண்டு, ஆனால் வேறு பொருளோடு இறுகிப் பிணைந்திருப்பதால் பெரும்பகுதி உடலில் சேராது. அதனால் தவிடு நிறையப் போட்டேனே என்று சொல்லிப் பிரயோசனம் இல்லை. மருத்துவர் குறித்துக் கொடுத்த பி காம்ப்ளெக்ஸ் சிரப்பைத் தினமும் புதுத் தண்ணீரில் கலந்தேன், கூடவே சந்தையில் கழிக்கும் பொடி மீனை உப்பில்லாமல் வேகவைத்துப் பிசைந்து போட்டேன். ஐந்தாம் நாள் எழுந்து நின்றது. பத்து நாளில் இரண்டும் ஓடின. முதலில் விழுந்ததற்கு மட்டும் வலது கால் இன்னும் கொஞ்சம் உள்பக்கம் வளைவு, நடை தெரியும், நீந்தும்போது தெரியாது. வாத்து வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதல் நாளிலிருந்தே இந்தச் சிரப்பை மருத்துவரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கால் மடங்கின பிறகு ஓடாதீர்கள்.

இன்னொன்று, கடலைப் புண்ணாக்கு. ஆட்டுக்கு ஊறவைப்பதில் கொஞ்சம் வாத்துக்கும் போடலாம் என்று மூட்டையைத் திறந்தால் கார்த்திகை ஈரத்தில் ஓரத்தில் பச்சைப் பூஞ்சை, மக்கு வாடை. அந்தக் கட்டியை மட்டும் உடைத்து எறிந்துவிட்டு மிச்சத்தைப் போட யோசித்தேன், நல்ல வேளை, செய்யவில்லை. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன, வாத்துக்குஞ்சுகளும் செத்தன. கடைசியில் தீவனத்தில் கலந்த கடலைப் புண்ணாக்குதான் என்று கண்டுபிடித்தார்கள். அஃப்ளாடாக்ஸின் என்ற பூஞ்சை நஞ்சு வெளியே தெரிந்தது அப்படித்தான். அந்த நஞ்சு இருக்கிறதா என்று சோதிக்கப் பிற்பாடு ஒருநாள் வயது வாத்துக்குஞ்சுகளையே பயன்படுத்தினார்கள், அவ்வளவு சீக்கிரம் அவற்றின் ஈரல் கெடும். கோழி தாங்குகிற அளவை வாத்து தாங்காது. மூட்டையோடு குழியில் போட்டு மண் தள்ளினேன். 900 ரூபாய் நஷ்டம், போகட்டும்.

கூஸுக்கு நேர்மாறான தொல்லை. அது புல் தின்னிப் பறவை. பிறந்த மறுநாளிலிருந்தே அருகம்புல்லைக் கொய்யும். என் வீட்டில் குஞ்சுத் தீவனம் எப்போதும் தட்டில் இருந்ததால் அதையும் வயிறு முட்டத் தின்று, ஆறு வாரத்தில் ஆளுக்கு இரண்டரைக் கிலோ வந்துவிட்டன. பார்க்கப் பெருமையாக இருந்தது. மார்கழி பிறந்த சமயம் ஒன்றின் இடது சிறகு நுனி மடங்காமல் வெளியே திருகி, ஈட்டி மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. உடம்பு அளவுக்கு மீறி வேகமாக வளரும்போது சிறகின் பெரிய இறகுகள் ரத்தம் நிறைந்து கனமாக முளைக்கும், மணிக்கட்டு மூட்டு அந்தக் கனத்தைத் தாங்காமல் திரும்பிவிடும். வலிக்காது, ஆனால் அப்படியே விட்டால் ஆயுசுக்கும் அப்படித்தான்.

தீவனத்தை உடனே நிறுத்தினேன், சாயங்காலம் அடைக்கும்போது ஒரு பிடி மட்டும். மற்ற நேரம் வாழைக்கடியில் புல்மேய்ச்சல், கூடவே ஆற்று மணல் ஒரு சட்டியில் (அரைப்பதற்கு மணல் இல்லாவிட்டால் புல் இரைப்பையில் அடைத்துக்கொள்ளும், நீளப் புல் என்றால் நறுக்கித்தான் போட வேண்டும்). சிறகை இயல்பாக மடக்கி, தன்மேலேயே ஒட்டும் மெத்துப் பட்டையால் சிறகை மட்டும் சுற்றினேன், உடம்போடு சேர்த்துக் கட்டினால் மூச்சு முட்டும். நான்கு நாள் கட்டு, ஒருநாள் அவிழ்த்து ஆட்டவிட்டேன், மறுபடி நான்கு நாள். என் மகன் பிடித்துக்கொள்ள, நான் சுற்ற, அது என் முழங்கையைத் திருகிய தடம் ஒரு வாரம் இருந்தது. இரண்டாம் கட்டை அவிழ்த்த அன்று சிறகு முதுகில் சரியாகப் படிந்தது, நாங்கள் இருவரும் சத்தம் போட்டுச் சிரித்தோம்.

தண்ணீர் விஷயத்தை இனிச் சொல்கிறேன், இந்த ஆறு மாதத்தில் அதிக யோசனையும் அதிக உழைப்பும் அதற்குத்தான் போனது. வாத்தும் கூஸும் தண்ணீர் குடிப்பதோடு நிற்காது. மூக்குத் துவாரத்தையும் கண்ணையும் கழுவ அலகு முழுக்க முங்க வேண்டும், கோழிக்குஞ்சுக்கு வைக்கும் ஆழமில்லாத தட்டு அதற்கு உதவாது. தீவனத்தை வாயில் போட்டதும் தண்ணீருக்கு ஓடும், பக்கத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். இப்படி ஓடி ஓடித் தீவனத்தைத் தண்ணீரிலும் தண்ணீரைத் தரையிலும் சேர்த்து, பத்து நிமிடத்தில் ஒரு சேறு செய்துவிடும். அந்தச் சேறு கோழிக்கு ஆகாது. ஈரப் படுக்கையில் ரத்தக்கழிச்சல் நோய்க்கிருமி பெருகும், கோழிக்குஞ்சு முதலில் விழும். ஆடோ, வாத்து கலக்கிய தண்ணீரை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போய்விடும், தாகத்தோடு நின்றாலும் குடிக்காது.

முதலில் நடுவில் தட்டி கட்டி முற்றத்தை மூன்றாகப் பிரித்தேன். ஏழு சென்டில் அது எல்லோருக்கும் இடஞ்சல், ஆடு ஒரே வாரத்தில் தட்டியை முட்டிச் சாய்த்தது. அப்புறம்தான் தரையைப் பிரிப்பதை விட்டு உயரத்தால் பிரிக்கலாம் என்று தோன்றியது. வாத்து தாவாது, கோழி தாவும், ஆட்டுக்குத் தலை உயரம். கோழித் தண்ணீரை இரண்டடி உயரக் கல் திண்ணையில் ஏற்றினேன். ஆட்டுத் தண்ணீர் வாளியைத் தொழுவத் தூணில் இரும்பு வளையம் அடித்து இரண்டரை அடியில் மாட்டினேன். தரையில் இருப்பது வாத்துக்கும் கூஸுக்கும் மட்டும். மூன்றாம் மாதம் கூஸ் கழுத்தை நீட்டித் திண்ணையை எட்டிவிட்டது, அதனால் கோழித் தண்ணீர் இடுப்பு உயரப் பலகைக்குப் போனது. கோழிகளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

தரைத் தண்ணீருக்குச் செய்தது இது. 20 லிட்டர் பெயின்ட் வாளியை நன்றாகத் தேய்த்துக் கழுவி, ஒருவாரம் வெயிலில் போட்டு, மூடிக்குக் கொஞ்சம் கீழே சுற்றிலும் ஆறு ஓட்டை போட்டேன், ஒவ்வொன்றும் தலை மட்டும் நுழையும் அளவு. விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து மழுக்கினேன், இல்லாவிட்டால் கழுத்தை அறுக்கும். தலையை விட்டு முங்கிக்கொள்ளலாம், உள்ளே ஏறிக் குளித்து அழுக்காக்க முடியாது. குஞ்சாக இருந்தபோது இதே மாதிரி சின்ன ஐஸ்கிரீம் டப்பாவில். வாளியை நிறுத்த, இரண்டரைக்கு மூன்றடி மரச்சட்டத்தில் வெல்ட் மெஷ் அறைந்து, அதற்குக் கீழே முக்கால் அடி ஆழக் குழி வெட்டி, அடியில் உடைந்த செங்கல், மேலே ஜல்லி. சிந்தும் தண்ணீர் எல்லாம் குழியில் இறங்கி, ஒரு பிவிசி குழாய் வழியாக வாழைக்கும் சேம்புக்கும் போகிறது. தீவனத் தட்டை வாளியிலிருந்து எட்டடி தள்ளி வைத்தேன், அந்த எட்டடி ஓட்டத்தில் வாயில் இருப்பதில் பாதி உள்ளே போய்விடுகிறது. குளிப்பதற்குத் தனியாக ஒரு சிமெண்ட் தொட்டி, இரண்டு நாளைக்கொரு முறை மாற்றுகிற தண்ணீர் நேரே கீரைப் பாத்திக்கு. அந்த வாழையில் இந்தத் தடவை தார் பெரிது.

இதில் ஒன்றைக் கோட்டை விட்டேன். கோழித் தண்ணீரோடு கோழித் தீவனத்தையும் திண்ணையில் ஏற்றியிருந்தேன், அது ஆட்டுக்குச் சரியான உயரம். தை மாதம் ஒரு மத்தியானம் பெட்டையாடு தொட்டியில் இருந்த தீவனம் முழுவதையும் தின்றுவிட்டது. ராத்திரி வயிறு உப்பி, பல்லைக் கடித்துக்கொண்டு அசைபோடாமல் நின்றது. ஆட்டின் முதல் இரைப்பை தழைக்குப் பழகியது, தானியம் மொத்தமாக விழுந்தால் புளித்து அமிலமாகிவிடும், உயிரே போகும். மருத்துவருக்குப் பேசி, அவர் சொன்ன அளவு சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, விடியும்வரை நடக்க வைத்தோம், காலையில் அவரே வந்து ஊசி போட்டார். பிழைத்தது. இப்போது கோழித் தீவனம் மூங்கில் அடைப்புக்குள் இருக்கிறது, கம்புக்குக் கம்பு கோழி நுழையும் இடைவெளிதான். கோழி புகும், ஆட்டுத் தலை புகாது.

நாயும் பூனையும் நான் பயந்த அளவுக்கு இல்லை. கருப்பனை முதல் இரண்டு வாரம் சங்கிலியோடு பெட்டிப் பக்கத்தில் உட்கார வைத்து, மெஷ் வழியாகவே பார்க்க வைத்தேன். எழுந்து குனிந்தால் அதட்டல், படுத்தால் ஒரு துண்டு மீன். இன்றைக்கும் யாரும் இல்லாதபோது அவனைக் கூட்டத்தோடு விடுவதில்லை, நாய் நாய்தான். பூனை, குஞ்சு அதன் அளவுக்கு வளரும்வரை மூடியின் மேலேயே தூங்கியது, அதனால்தான் மூடி. உண்மையான ஆபத்து கீரி, மரநாய், காக்கை, பெருச்சாளி. கோழி கழியில் ஏறி அடையும், வாத்தும் கூஸும் தரையில்தான் படுக்கும், சாதாரண வலைக்குள் கையை விட்டே மரநாய் இழுத்துவிடும். அதனால் கீழே மூன்றடிக்கு வெல்ட் மெஷ், அதில் ஓரடி மண்ணுக்குள். கோழிக் கழிக்கு நேர் கீழே வாத்து படுக்காதபடி நடுவில் பலகை, இல்லாவிட்டால் ராத்திரி முழுக்க எச்சம் முதுகில் விழும்.

கூஸ் மூன்றும் என் மகன் பின்னாலேயே போகும். பிறந்த புதிதில் கண்முன் நடமாடுகிறவரைத் தாயாக மனதில் பதித்துக்கொள்ளும் குணம் அது. 1930-களில் கான்ராட் லோரன்ஸ் என்ற ஆஸ்திரியர் காட்டுக் கூஸ் குஞ்சுகளை வைத்து இதை விரிவாக எழுதினார், 1973-இல் நோபல் பரிசும் பெற்றார். பள்ளி வேன் வரும் நேரம் தெருமுனைவரை வரிசையாகப் போய், வேன் புறப்பட்டதும் கத்துகின்றன. ஒற்றைக் குஞ்சாக வாங்கியிருந்தால் அவன் இல்லாத நேரம் முழுக்க அது துன்பப்பட்டிருக்கும். மூன்றாக இருப்பதால் ஒன்றுக்கொன்று துணை. நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு மார்கழிக் குளிரில் வரும் வரித்தலை வாத்துகளை (அதுவும் காட்டுக் கூஸ்தான்) காட்ட அவனைக் கூட்டிப் போயிருந்தேன், இமயமலையைத் தாண்டிப் பறந்து வருகிறவை. “நம்மது ஏம்மா பறக்கல?” என்று கேட்டான். மனிதர்கள் உடம்பு கனக்க வளர்த்துவிட்டோம் என்று சொன்னேன்.

அங்கே போய் வந்த செருப்பை வாசலிலேயே கழுவினேன். 2014-இல் கேரளத்தின் குட்டநாட்டில் பறவைக் காய்ச்சல் வந்தபோது ஏராளமான வாத்துகளை அழிக்க வேண்டி வந்தது. காட்டுப் பறவை இறங்கும் நீரிலிருந்து நம் முற்றத்துக்கு அது வர அதிகம் வேண்டாம். பிசான நெல் அறுப்புக்கு அதே வாத்துக்காரர் மாசிக் கடைசியில் வந்தார், என் வாத்துகளையும் வயலில் விடச் சொன்னார், அன்போடு மறுத்துவிட்டேன். வாத்துக் கொள்ளைநோய்த் தடுப்பூசி மூன்றாம் மாதத்தில் போட்டாகிவிட்டது. கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் ஊசி தவறாமல் போடுகிறேன், அந்தக் கிருமியை வாத்து நோயில்லாமலே சுமந்துகொண்டிருக்கும்.

நான்காம் மாதத்துக்குள் வாத்துகளுக்குக் குரல் உடைந்துவிட்டது. உரக்க “குவாக்” என்பது பெட்டை, தொண்டை கட்டின மாதிரி முனகுவது ஆண், வாலில் இரண்டு இறகு மேல்நோக்கிச் சுருளும். நான்கில் இரண்டு ஆண். இரண்டு பெட்டைக்கு இரண்டு ஆண் மிக அதிகம், அவை கோழிகள் மேல் ஏற ஆரம்பித்தன. வாத்தின் உறுப்பு அமைப்பு வேறு, கோழிக்கு உள்ளே கிழிந்துபோகும். ஒன்றை அதே வாத்துக்காரரிடம் கொடுத்தேன், அவர் கூட்டத்தில் நூற்றுக்கணக்கான பெட்டை. வளைந்த கால்காரனை வைத்துக்கொண்டேன்.

பங்குனிக் கடைசியில் முதல் முட்டை. விடியற்காலையிலேயே இட்டுவிடும் என்பதால் ஒன்பது மணிக்கு முன்னால் திறந்துவிடுவதில்லை, திறந்தால் தொட்டிக்குள் போட்டுவிடும். 66 கிராம், வெளிர் பச்சை. அத்தைக்கு அதைப் பொரித்துக் கொடுத்தேன், “கொஞ்சம் கவிச்சிதான், ஆனா கெட்டியா இருக்கு” என்றார்கள். கூஸ் முட்டைக்கு இன்னும் பல மாதம் பொறுக்க வேண்டும்.

இந்த வாரம் இறகு உதிர்கிறது, பிவிசி குழாய் இரண்டு தடவை அடைத்துக்கொண்டது. நேற்று குழாய் வாயில் வெங்காய வலைப் பையை இரண்டாக மடித்துக் கம்பியால் கட்டினேன். இறகெல்லாம் அதில் நிற்கிறது, காலையில் உதறினால் போதும், தண்ணீர் சேம்பு வரைக்கும் ஓடுகிறது.